ஒகேனக்கல் பக்கம் ஒரு வேன் கூட்டத்தை முதல்முறை கூட்டிப் போகிறவருக்கு

தெரு நண்பர்களோ, கம்பெனிக் குழுவோ, சொந்தக்காரர்களோ, இருபது பேர் சேர்ந்து ஒகேனக்கல் போகலாம் என்று முடிவாகும்போது ஏற்பாடு எல்லாம் ஒருவர் தலையில்தான் விழும். இந்தக் கட்டுரை அந்த ஒருவருக்கானது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அருவி, மலையூர், நடுகல், காடு என்று சுற்றப் போகிறவர்கள் அங்கே உள்ள மனிதர்களுக்கும் ஆற்றுக்கும் காட்டுக்கும் தொல்லையில்லாமல் போய்வர என்னென்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். போன இடத்தில் நடக்கும் தப்புகளில் பாதிக்கு மேல் கெட்ட எண்ணத்தால் நடப்பவை அல்ல. வீட்டில் போட வேண்டிய கணக்கைப் போடாமல் கிளம்பியதால் நடப்பவை. குப்பையைப் போடப் பை இல்லாதவர் பாறை இடுக்கில்தான் செருகுவார். நேரம் இல்லாதவர் பரிசல்காரரை அவசரப்படுத்துவார். சில்லறை இல்லாதவர் மீன் வறுக்கும் அம்மாவிடம் பேரம் பேசுவார். அதனால் பொறுப்பு என்பதில் பெரும்பங்கு புறப்படும் முன்பே முடிந்துவிட வேண்டிய வேலை.

நாள், நேரம், நீர்வரத்து

காணும் பொங்கல், ஆடிப்பெருக்கு, தீபாவளியை ஒட்டிய விடுமுறை, மே மாத ஞாயிறுகள் ஆகிய நாட்களில் ஒகேனக்கல்லுக்கு முதல்முறை போகாதீர்கள். கழிப்பறை, வண்டி நிறுத்தம், பரிசல் துறை எல்லாம் திணறும் நாட்கள் அவை. உங்கள் இருபது பேர் அந்தத் திணறலை இன்னும் கூட்டுவார்கள். வார நாளில் போனால் கடைக்காரர்களுக்கும் பரிசல் ஓட்டிகளுக்கும் வெறும் நாளில் ஒரு வியாபாரம் கிடைக்கும். அந்த ஒரு காரணமே போதும், எல்லோரும் சேர்ந்து புதன்கிழமை லீவு போடலாம்.

அடுத்தது நீர்வரத்து. கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளிலிருந்து திறக்கும் தண்ணீர் பிலிகுண்டுலு வழியாகத்தான் தமிழகத்துக்குள் வருகிறது. பிலிகுண்டுலுவில் அளக்கும் அளவை வினாடிக்கு இத்தனை கனஅடி என்று நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் தினமும் போடுவார்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, சில ஆயிரம் கனஅடியாக இருந்த ஆறு இரண்டே நாளில் பல மடங்கு ஏறும். 2 லட்சம் கனஅடியைத் தாண்டிய ஆண்டுகளும் உண்டு. நீர் கூடும்போது பரிசல் இயக்கவும் ஆற்றில் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை போடும். முந்தைய மூன்று நாள் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறுமுகமாக இருந்தால் தேதியை மாற்றுங்கள். தடை போட்ட நாளில் போய் நின்று, "இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஓரமா ஒரு ரவுண்டு போலாம்ணா" என்று பரிசல்காரரிடம் கெஞ்சுவது அவரை ஆபத்தில் தள்ளுவது. பிடிபட்டால் அவருடைய பிழைப்புதான் போகும். உங்களுடையது போகாது.

கிருஷ்ணகிரியிலிருந்து காலை 6.30க்குக் கிளம்பினால் தர்மபுரி, பென்னாகரம் வழியாக 9 மணி அளவில் ஒகேனக்கல் சேரலாம். தர்மபுரியிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர். மாலை 4 மணிக்கு வண்டி ஏறிவிட வேண்டும் என்று முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். பென்னாகரத்துக்கும் ஒகேனக்கல்லுக்கும் நடுவே உள்ள பாதை காட்டுக்குள் போகிறது. இருட்டிய பிறகு அது யானைகளின் நேரம்.

வேனும் டிரைவரும்

பயண அறம் என்று பேசுகிறவர்கள் ஆறு, காடு, பழங்குடி என்று எல்லாவற்றையும் சொல்வார்கள். வேன் டிரைவரை மட்டும் மறந்துவிடுவார்கள். விடியற்காலை 4 மணிக்கு வண்டி எடுத்து, இரவு 11 மணிக்கு இறக்கிவிடும் திட்டம் போட்டால் அவர் 19 மணி நேரம் விழித்திருக்கிறார். நீங்கள் வண்டியில் தூங்குகிறீர்கள், அவர் தூங்குவதில்லை. சேலம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தொப்பூர் கணவாயைக் கடந்தாக வேண்டும். திரும்பும்போது அது விபத்துக்குப் பேர்போன இறக்கம்.

மொத்தப் பயணம் 12 மணி நேரத்துக்குள் முடியட்டும். நீங்கள் அருவியில் இருக்கும் நேரத்தில் டிரைவர் குறைந்தது இரண்டு மணி நேரம் தூங்க நிழலில் வண்டி நிறுத்த இடம் பாருங்கள். அவருடைய பேட்டாவை வாடகை பேசும்போதே தனியாகப் பேசி, சாப்பாட்டுக் கணக்கில் அவரையும் ஓர் ஆளாகச் சேருங்கள். இருபது பேர் என்றால் இலை இருபத்தொன்று.

தண்ணீரும் குப்பையும்: கணக்கு இதுதான்

வெயில் நாளில் ஒரு ஆளுக்கு 3 லிட்டர் குடிநீர் வேண்டும். இருபத்தோரு பேருக்கு 63 லிட்டர். ஒரு லிட்டர் பாட்டிலாக வாங்கினால் அறுபத்து மூன்று காலி பாட்டில்கள் சேரும். இதையே 20 லிட்டர் கேனாக மூன்று எடுத்து, ஆளுக்கொரு சில்வர் பாட்டிலும் கொண்டுவரச் சொன்னால் குப்பை ஒன்றுமில்லை. மூன்று லிட்டர் குறைகிறதே என்றால், வீட்டிலிருந்து கிளம்பும்போது அவரவர் பாட்டிலை நிரப்பி வந்தால் சரியாகிவிடும். குழாய் வைத்த கேன் ஸ்டாண்டு ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கேனைச் சாய்த்துச் சாய்த்தே பத்து லிட்டர் தரையில் போகும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உண்டு. கேரி பேக், பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், தெர்மாகோல் கப், உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட் எல்லாம் அதில் வரும். பாட்டில் தண்ணீர் அந்தப் பட்டியலில் இல்லை என்பதால் அது யோக்கியமாகிவிடாது. ஆற்றங்கரையில் கண்ணில் அதிகம் படுவதே அதுதான்.

வண்டியில் ஏற்ற வேண்டியவை: இரண்டு சாக்கு, ஒரு மூடி போட்ட பக்கெட், பழைய செய்தித்தாள் ஒரு கட்டு, நூல்கண்டு ஒன்று. சாக்கு ஒன்று காய்ந்த குப்பைக்கு. இன்னொன்று ஈரத் துணிக்கும் செருப்புக்கும். பக்கெட் சோறு, எலும்பு, மீன் முள்ளுக்கு. மூடி இல்லாத பக்கெட்டைக் குரங்கு ஒரு நிமிடத்தில் கவிழ்த்துவிடும். கைக்குழந்தை வரும் வீட்டுக்காரர்களிடம் டயப்பரைச் செய்தித்தாளில் சுற்றி நூலால் கட்டிச் சாக்கில் போடும்படி முன்பே சொல்லுங்கள். நாப்கினுக்கும் அதே வழிதான். கூச்சத்தால் யாரும் கேட்கமாட்டார்கள், கேட்காததால் அவை பாறைச் சந்துக்குள் போகும். ஆகவே கட்டும் தாளையும் நூலையும் பெண்கள் உட்காரும் பக்கத்தில் ஒரு பையில் தொங்கவிடுங்கள்.

கண்ணாடி பாட்டில் வண்டியில் ஏறவே கூடாது. காரணம் ஒழுக்கம் அல்ல. ஆற்றுப் பாறையில் உடைந்த கண்ணாடி தண்ணீருக்குள் போனால் கண்ணுக்குத் தெரியாது. செருப்பில்லாமல் பரிசல் இறக்குகிறவர், வலை இழுக்கிறவர், துணி துவைக்கிறவர் கால்கள்தான் அதைக் கண்டுபிடிக்கும். குடித்துவிட்டு ஆற்றில் இறங்குகிறவரை ஆறு திருப்பித் தருவதற்கு உத்தரவாதமில்லை என்பது வேறு கதை.

சேர்ந்த குப்பையைத் திரும்பும் வழியில் பென்னாகரம் கடைவீதித் தொட்டியில் கொட்டிவிட்டு வராதீர்கள். சிறிய பேரூராட்சிகளின் தலையில் நம் குப்பையை இறக்கிவைப்பதற்குப் பெயர் சுத்தம் அல்ல. உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், உங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் பிரித்துக் கொடுங்கள்.

மலைப்பாதையில்

சாலையோரம் உட்கார்ந்திருக்கும் நாட்டுக் குரங்குகளுக்கு வண்டியை நிறுத்திப் பிஸ்கெட், வாழைப்பழம் போடுவது புண்ணியம் என்று நினைப்பவர்கள் நிறைய. நடப்பது என்னவென்றால், காட்டில் இலை, பழம், பூச்சி தேடித் தின்ற கூட்டம் சாலையோரத்துக்கே குடிவந்துவிடுகிறது. குட்டிகள் டயரில் அடிபடுகின்றன. பை வைத்திருப்பவர் எல்லாம் தீனி தருபவர் என்று பழகிப்போய், அடுத்து வரும் வண்டியிலுள்ள குழந்தையின் கையைப் பிறாண்டுகின்றன. பிறகு ஊர்க்காரர்கள் தோட்டத்துக்குள் நுழைந்து அடி வாங்குகின்றன. கண்ணாடியை ஏற்றிவிட்டு நிற்காமல் போய்விடுங்கள்.

இந்தக் காட்டின் பெரும்பகுதி காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள்ளும் (2014இல் அறிவிக்கப்பட்டது, சுமார் 504 சதுர கிலோமீட்டர்) காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள்ளும் (2022 நவம்பர், சுமார் 686 சதுர கிலோமீட்டர்) வருகிறது. சாலையை விட்டு உள்ளே இறங்கி நடப்பதற்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். ட்ரோன் பறக்கவிட ஆசைப்பட்டால் வனத்துறை அனுமதி கையில் இல்லாமல் பெட்டியையே திறக்காதீர்கள். பிப்ரவரி முதல் மே வரை காடு சருகாகக் கிடக்கும். அடுப்பு மூட்டுவது, சிகரெட் துண்டு எறிவது இரண்டுமே தீயாகும். வழியில் நிறுத்திச் சமைக்கலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். சமைக்க ஒகேனக்கல்லிலேயே ஆள் இருக்கிறார்கள், அதைக் கீழே சொல்கிறோம்.

பரிசல்

மூங்கில் சிம்புகளைப் பின்னி, வெளிப்பக்கம் பிளாஸ்டிக் தாள் போர்த்தித் தார் பூசிய வட்டமான கூடைதான் பரிசல். அந்தக் காலத்தில் தாளுக்குப் பதில் தோல் போர்த்தினார்கள். அடி தட்டையாக இருப்பதால் ஆழம் குறைந்த பாறைப் பகுதியிலும் மிதக்கும். அதே காரணத்தால் ஒரு பக்கம் எடை சாய்ந்தால் சட்டென்று தண்ணீர் ஏறும். பரிசல் கவிழ்வது பெரும்பாலும் சுழலால் அல்ல. யாராவது ஒருவர் படமெடுக்க எழுந்து நிற்பார், எதிரே இருப்பவர் அவர் பக்கம் நகர்வார், அவ்வளவுதான்.

டிக்கெட்டைக் கவுண்டரில் மட்டும் வாங்குங்கள். கட்டணமும் ஒரு பரிசலுக்கு எத்தனை பேர் என்பதும் அங்கே பலகையில் இருக்கும். வண்டி நிறுத்துமிடத்திலேயே வந்து "குறைச்சலா கூட்டிட்டுப் போறேன்" என்பவரோடு போனால் ஏதாவது நடக்கும்போது யார் பொறுப்பு என்று கேட்க ஆள் இருக்காது. வரிசையில் நின்று முறைப்படி ஓட்டும் தொழிலாளியின் சவாரியும் போய்விடும். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள். எடை எடைதான்.

உயிர்காப்பு ஜாக்கெட்டை வாங்கித் தோளில் போட்டுக்கொள்வது வேலைக்கு ஆகாது. மூன்று கொக்கிகளும் பூட்டியிருக்க வேண்டும். பூட்டியபின் தோள்பட்டைப் பக்கத்தைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை வந்தால் அது பெரிய அளவு, தண்ணீரில் முகத்தை மூடும், மாற்றிக் கேளுங்கள். குழந்தைக்குச் சரியான அளவு இல்லை என்றால் அந்தக் குழந்தை பரிசலில் ஏற வேண்டாம். ஒருவர் கூடவே கரையில் இருக்கட்டும்.

ஏறிய பிறகு பேச்சு பரிசல்காரருடையது. "அண்ணா இன்னும் கிட்டப் போங்க", "இன்னும் நாலு சுத்து சுத்துங்கண்ணா" என்று கேட்பதும், அதற்கென்று நூறு ரூபாய் நீட்டுவதும் சாதாரணமாக நடக்கிறது. தடைக் காலத்தில் வாரக்கணக்கில் வருமானமில்லாமல் உட்கார்ந்திருப்பவருக்கு நூறு ரூபாயை மறுப்பது எளிதல்ல. ஆபத்தை விலைக்கு வாங்குவதுபோல் ஆகிவிடும் அது. கொடுக்க நினைத்தால் கரைக்கு வந்த பிறகு, எதுவும் கேட்காமல் கொடுங்கள். வயதில் மூத்தவரானால் "ஐயா" என்றோ "பெரியவரே" என்றோ கூப்பிடுங்கள், "ஏம்பா" வேண்டாம்.

குளியல், எண்ணெய், சடங்கு

எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளர்கள் ஒகேனக்கல்லின் ஓர் அடையாளம். தேய்க்கும் முன் விலை பேசுங்கள். எண்ணெய் யாருடையது, எத்தனை நிமிடம், தலைக்கு மட்டுமா உடம்புக்கா என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் பிறகு வாக்குவாதம் வராது. தேய்த்த பிறகு நேரே அருவிக்குள் நுழைவதில்தான் சிக்கல். எண்ணெய் பாறையில் படிந்து அடுத்தவர் வழுக்கி விழுவார். ஒரு பழைய பருத்தித் துணியால் உடம்பை இரண்டு முறை அழுத்தித் துடைத்தால் பெரும்பங்கு எண்ணெய் துணியோடு வந்துவிடும். அந்தத் துணி சாக்குக்குள் போக வேண்டும், ஆற்றுக்குள் அல்ல.

சோப்பும் ஷாம்பூவும் ஆற்றுக்கு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். சீயக்காயும் அரப்பும் இயற்கைதானே என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றின் நுரைக்குக் காரணமான சப்போனின் மீனின் செவுளைத் தாக்கும். ஓடும் வெள்ளத்தில் அது கரைந்து போகும், கோடையில் பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் போகாது. தலைக்குத் தேய்ப்பதை விடுதி அறையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆற்றில் நீர்நாயும் முதலையும் மென்னோட்டு ஆமையும் மீனை நம்பித்தான் இருக்கின்றன.

குளிக்க அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் இறங்க வேண்டாம். ஆலம்பாடி, ஊட்டமலைப் பக்கம் தண்ணீர் அமைதியாக, குளம்போலத் தெரியும். பாறைக்கு அடியில் பள்ளமும் இழுப்பும் இருப்பது மேலே தெரியாது. மூழ்கியவரைத் தேடி எடுக்க உயிரைப் பணயம் வைத்து இறங்குவது உள்ளூர் பரிசல்காரரும் மீனவரும் தீயணைப்பு வீரரும்தான். எச்சரிக்கைப் பலகையை மீறுவது உங்கள் சொந்த விஷயம் இல்லை என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

தர்ப்பணம், பரிகாரம் செய்ய வருகிறவர்கள் குளித்த துணியை ஆற்றிலேயே விட்டுவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. பாறைகளில் சுற்றிக்கொண்டு கிடக்கும் வேட்டி சேலைகளைப் பார்த்தால் தெரியும். சடங்கின் மனசைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் நைலக்ஸ் சேலை மக்காது, மீன்வலையிலும் பரிசல் துடுப்பிலும் சிக்கும். சடங்கு தொடங்கும் முன்பே புரோகிதரிடம், "சாமி, துணியைக் கரையில அவுத்து வச்சுக்கலாமுங்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்றே சொல்வார்கள். பிண்டம், பூ, எள் போதும். அவற்றைக் கட்டிவந்த பிளாஸ்டிக் பை திரும்ப வண்டிக்கு.

மீனும் சமையலும்

இந்த ஊரில் உங்கள் பணம் நேராக உள்ளூர்க் கைக்குப் போகும் இடம் இதுதான், அதனால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். மீன் கடையில் வாங்கிக்கொடுத்தால் குழம்பு வைத்து, வறுத்து, சோறாக்கித் தரும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். டிரைவரையும் சேர்த்து இருபத்தோரு பேருக்கு முழு மீனாக ஆளுக்கு 300 கிராம் கணக்கில் 6.3 கிலோ வாங்குங்கள். செதிள், குடல், தலை போக 4 கிலோ அளவுக்குத் துண்டு நிற்கும். கட்லா, ரோகு குழம்புக்கு, சின்ன ஜிலேபி வறுக்க. கண் பளபளப்பாக, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சமைக்கிற அக்காவிடம் முதலில் கேட்க வேண்டியவை: கூலி எவ்வளவு, எண்ணெய் மசாலா விறகு யார் செலவு, எத்தனை மணிக்குத் தயாராகும். காலை 9.30க்குச் சொன்னால் மதியம் 1 மணிக்குச் சாப்பிடலாம். 12 மணிக்குப் போய்ச் சொல்லிவிட்டு 12.30க்கு "ஆச்சாக்கா?" என்று நின்றால் மீனும் வேகாது, சமைக்கிறவருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும். பேசிய கூலியைச் சாப்பிட்டு முடித்த பிறகு குறைக்காதீர்கள். 10, 20, 50 ரூபாய் நோட்டாக ஆயிரம் ரூபாய் சில்லறையைத் தர்மபுரியிலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் சிக்னல் இல்லாதபோது ஜிபே நின்றுபோகும், "அப்புறம் அனுப்பறேங்கா" என்ற வாக்குறுதி அப்புறம் அனுப்பப்படுவதில்லை.

பள்ளி நேரத்தில் ஒரு சிறுவன் தட்டு கழுவிக்கொண்டிருந்தால்? 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதற்கு விலக்கு உண்டு. கடைக்காரரோடு சண்டை போட்டுப் படமெடுத்துப் போடுவதால் அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகாது. குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிட்டு இடத்தைச் சொல்லுங்கள்.

வத்தல்மலை, சித்தேரி போன்ற மலையூர்கள்

அருவி எல்லோருக்கும் பொது. ஊர் அப்படியல்ல, அது ஒருவர் வீட்டு வாசல். தர்மபுரிக்கு அருகே வத்தல்மலையிலும், அரூர் பக்கம் சித்தேரி மலையிலும் வாழ்பவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளத்து மலையாளிகள் அல்லர், தமிழ் பேசுகிறவர்கள். சாமை, கேழ்வரகு, வத்தல்மலையில் காபி, மிளகு என்று விவசாயம். இங்கே வேன் கூட்டத்தோடு போவதையே நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். ஐந்தாறு பேர் போதும். முதல் வேலையாக ஊர்ப் பெரியவரைப் பார்த்து, எங்கிருந்து வருகிறோம், எவ்வளவு நேரம் இருப்போம் என்று சொல்லிவிடுங்கள். செருப்பை எங்கே கழற்ற வேண்டும், எந்தப் பக்கம் போகக் கூடாது என்பது அங்கேயே தெரிந்துவிடும். சாமிக் காடு, கோயில் இடம் என்று சில இடங்களுக்கு வெளியாரை விடமாட்டார்கள். ஏன் என்று விளக்கம் கேட்டு நிற்க வேண்டாம்.

படம் எடுக்கும் முன் கேமராவை இறக்கிவைத்துவிட்டு, "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?" என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பினால் வேண்டாம் என்று பொருள். எடுத்ததைக் காட்டுங்கள், அழிக்கச் சொன்னால் அவர்கள் கண் முன்னாலேயே அழியுங்கள். குளிக்கிற இடம், வீட்டு உள்பக்கம், குழந்தைகள் முகம் ஆகியவை யார் சரி என்றாலும் இணையத்தில் போகக் கூடாதவை. "பாவம், ஏழ்மை" என்று தலைப்புப் போட்டு ஒருவர் வீட்டுக் கூரையைக் காட்டுவதில் உங்களுக்கு லைக் கிடைக்கும், அவருக்கு அவமானம் கிடைக்கும்.

குழந்தைகளுக்கு மிட்டாய், பேனா, பத்து ரூபாய் கொடுப்பதை நிறுத்துங்கள். ஒரு சீசன் போதும், வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் பாதைக்கு ஓடிவர. உதவ நினைத்தால் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் என்ன தேவை என்று கேட்டு, அதை மட்டும் வாங்கி அவர் கையில் கொடுங்கள். சாமை, கேழ்வரகு, காபிக்கொட்டை, மிளகு விற்றால் அவர்கள் சொன்ன விலைக்கு வாங்குங்கள். கடையில் பாக்கெட் சாமைக்குக் கொடுக்கும் விலையை நினைத்துப் பார்த்தால் பேரம் பேச வாய் வராது.

நடுகல்லும் பாறை ஓவியமும்

இந்த இரண்டு மாவட்டங்களுக்குமே தனிச்சொத்து நடுகற்கள்தான். ஆநிரை மீட்டு இறந்தவர், புலியோடு போரிட்டு இறந்தவர் என்று வீரர்களுக்கு எடுத்த கற்கள் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் நிற்கின்றன. பழையவற்றில் வட்டெழுத்து என்ற பழைய எழுத்து இருக்கும். பாதுகாத்து வைத்தவற்றைப் பார்க்கத் தர்மபுரி அரசு அருங்காட்சியகம் போதும். முதல்முறை வருகிறவர் அங்கிருந்து தொடங்கினால், வெளியே ஒரு கல்லைக் காணும்போது என்ன பார்க்கிறோம் என்று புரியும்.

வெளியே உள்ளவற்றில் பல இன்றும் வேடியப்பனாக வழிபாட்டில் இருக்கின்றன. மஞ்சள் பூசி, எண்ணெய் ஊற்றி, பொட்டு வைத்திருப்பார்கள். எண்ணெய் எழுத்தை மறைக்கும் என்பது உண்மை. அதற்காக வெளியூர்க்காரர் போய்த் துடைப்பதும் தேய்ப்பதும் கூடாது. உங்களுக்கு அது தொல்பொருள், அவர்களுக்கு அது குலசாமி. இரண்டில் எது பெரிது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் வேனில் வந்தவர் அல்ல. எழுத்து முக்கியமானதாகத் தோன்றினால் மாவட்ட அருங்காட்சியகத்துக்குப் படத்தோடு தகவல் கொடுங்கள். படியெடுப்பதா, எப்படி ஊர்க்காரர்களிடம் பேசுவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ், மாவு, மஞ்சள்தூள் தடவிப் படமெடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. துகள் எழுத்தின் குழிக்குள் அடைந்துகொள்ளும், துடைக்கத் துடைக்கக் கல்லின் மேற்பரப்பு தேயும். தவறாகப் படித்து வரைந்த கோடு அடுத்து வருகிறவரையும் தவறாகப் படிக்கவைக்கும். அதற்குப் பதில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். காலை 8 மணிக்கு முன்போ மாலை 5 மணிக்குப் பிறகோ போங்கள். ஒருவர் குடை பிடித்துக் கல்லின் மேல் நிழல் போடட்டும். இன்னொருவர் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், ஏறக்குறைய கல்லை ஒட்டியே, பத்து இருபது டிகிரிச் சாய்வில் பிடிக்கட்டும். குழியெல்லாம் நிழலாகி எழுத்து எழுந்து நிற்கும். இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று மூன்று படம். அளவு தெரிய ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்தால் போதும், கல்லின் மேல் சாய்க்க வேண்டாம்.

மல்லப்பாடி போன்ற இடங்களின் பாறை ஓவியங்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். தண்ணீர் தெளித்தால் நிறம் எடுப்பாகத் தெரியும் என்று சிலர் பாட்டிலைக் கவிழ்ப்பார்கள். அந்த நொடியில் தெரியும். ஆனால் ஈரம் காயும்போது பாறைக்குள் இருக்கும் உப்பு மேலே வந்து வெள்ளையாகப் படியும், மீண்டும் மீண்டும் செய்தால் ஓவியமே மங்கிவிடும். விரலால் தொட வேண்டாம், அடியில் நெருப்பு மூட்ட வேண்டாம். மல்லச்சந்திரத்துக் கற்திட்டைகளின் (இறந்தவர்களுக்காகக் கற்பலகைகளால் எழுப்பியவை) பலகைக் கல் மேல் ஏறி நின்று படமெடுப்பதும் அப்படித்தான். ஈராயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற கல் என்பதால் இருபது பேர் எடையை இன்றைக்கும் தாங்கும் என்று அர்த்தமில்லை.

சட்டமும் இருக்கிறது. ராயக்கோட்டைக் கோட்டை போல மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தில் பெயர் கீறினால், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வயலில் ஒரு பானை ஓடு, ஒரு மணி, ஓர் இரும்புத் துண்டு கிடைத்தால் நினைவுக்காக எடுத்துப் போகத் தோன்றும். பர்கூர் பக்கம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் (கி.மு.) 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. எந்த மண் அடுக்கில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பதை வைத்துத்தான் அப்படிக் காலம் சொல்ல முடிகிறது. சட்டைப் பைக்குள் போன துண்டுக்குக் காலம் கிடையாது. கிடந்த இடத்திலேயே விட்டு, படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். நாணயம், நகை போன்றவை என்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

யானையைப் பார்க்கப் போகிறவர்கள்

அக்டோபர், நவம்பரில் கேழ்வரகு கதிர் விடும் நேரம். பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு வரை வரும். விவசாயிகள் பரண் மேல் இரவெல்லாம் கண்விழித்துக் காவல் இருப்பார்கள். வனத்துறை கூட்டத்தைக் காட்டுக்குத் திருப்பப் பாடுபடும். இந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் "இங்கே நிக்குது" என்று தகவல் பார்த்து பைக்கில் கூட்டமாகப் போய்ச் செல்போனைத் தூக்கிப் பிடிப்பது வேடிக்கை அல்ல. சத்தத்தில் கூட்டம் சிதறும், குட்டி பிரியும், மிரண்ட யானை திரும்பும் திசை பக்கத்து வயலில் இருக்கும் குடிசைதான். நீங்கள் அப்போது ஓசூர் டீக்கடையில் வீடியோ ஏற்றிக்கொண்டிருப்பீர்கள்.

தற்செயலாகச் சாலையில் எதிர்ப்பட்டால் 100 மீட்டருக்கு முன்பே வண்டியை நிறுத்துங்கள். ஹார்ன் வேண்டாம், பெரிய விளக்கைத் தணியுங்கள், யாரும் இறங்க வேண்டாம். இன்ஜினை அணைக்காமல், பின்னால் வரும் வண்டிக்கு இண்டிகேட்டர் போட்டுவையுங்கள். காதை விரித்து இரண்டு அடி முன்னால் வந்தால் மெல்லப் பின்னால் எடுங்கள். சாலையைக் கடந்ததும் உடனே கிளப்பாதீர்கள், பின்னால் குட்டி வரும்.

வீட்டுக்கு வந்த பிறகு

படங்களைப் போடும் முன் ஒரு பிரிப்பு வேலை செய்யுங்கள். ஒகேனக்கல், கிருஷ்ணகிரி அணை, தீர்த்தமலைக் கோயில் போல ஆயிரம் பேர் போகும் இடங்களுக்கு இடக்குறிப்புப் போடலாம். காவல் இல்லாத நடுகல், பாறை ஓவியம், மலையூர்ச் சுனை, யானை நின்ற இடம் ஆகியவற்றுக்கு மாவட்டப் பெயரோடு நிறுத்துங்கள். செல்போன் கேமரா படத்துக்குள்ளேயே இடத்தைப் பதிந்துவைக்கும். செட்டிங்ஸில் கேமராவுக்கான லொகேஷனை அணைத்துவிட்டு எடுத்தால் அந்தக் கவலை இல்லை. முன்பே எடுத்திருந்தால் பகிரும்போது இடத்தை நீக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். கேளவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை ஆறு நுரை தள்ளும் நாட்களில் அதன் நடுவே நின்று பனிமலைபோலப் படமெடுத்துப் போட்டவர்கள் உண்டு. அது மேலே நகரத்திலிருந்து வரும் கழிவின் நுரை, உடம்பில் படக் கூடாது. அந்தப் படத்தைப் பார்த்து அடுத்த ஞாயிறு குழந்தைகளோடு கிளம்புகிறவரும் உங்கள் பொறுப்பில்தான் வருகிறார்.

இணையத்தில் மதிப்புரை எழுதும்போது சமைத்துத் தந்தவரின் செல்போன் எண்ணை அவரிடம் கேட்காமல் போடாதீர்கள். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகத் தருவார்கள். நீர்வரத்துத் தடை, கட்டணம், பாதை மூடல் பற்றி எழுதினால் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். போன வருடத்துப் பரிசல் கட்டணத்தைப் படித்துவிட்டு வந்து கவுண்டரில் சண்டை போடுகிறவர்கள் வாரத்துக்கு வாரம் வருகிறார்கள்.